கைச்சூடு

பெட்டாலிங் ஜெயாவின் மேல் மழை கறுத்து நிற்கிறது, பெய்யவில்லை. ஐசியு கண்ணாடிக்கு அப்பால் எல்ஆர்டி ரயில் ஒன்று சத்தமில்லாமல் வளைந்து போகிறது. நேற்று இதய அறுவைச் சிகிச்சை முடிந்த வல்லிபுரத்துக்காக இயந்திரம் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறது. நர்ஸ் சுமையா ஐஸ் தட்டிலிருந்து உப்புநீர் ஊசியை எடுக்கிறாள். இதயத்துக்குள் செலுத்தும் இந்தக் குளிர்நீர் ரத்தத்தை எவ்வளவு குளிரவைக்கிறது என்று பார்த்துத்தான், இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதை மானிட்டர் சொல்லும்; ரத்தம் குறைவாகக் குளிர்ந்தால் இதயம் அதிகம் தள்ளுகிறது என்று கணக்கு. எண் ஏறினால் மருந்தைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வல்லிபுரம் இருமுகிறார், குழாய் அதிர, அலாரம் கத்துகிறது. அது அடங்கும்வரை சுமையா ஊசியை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்தபடியே நிற்கிறாள். பிறகு ஒரே சீராக அழுத்துகிறாள். காலையிலிருந்து மூன்றிலேயே நின்ற எண் நான்கைத் தாண்டுகிறது. "மிஸ்ஸி, ஏறிருச்சு பாருங்க!" வல்லிபுரத்தின் மனைவி மார்க்கிரட் கைப்பைக்குள் போனைத் துழாவுகிறாள். "கிள்ளான்ல பிள்ளைங்க காலையிலேர்ந்து சாப்பிடல லா." 'அப்பாவுக்கு ஓகே' என்று விரல் தட்டுகிறது, திரை வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியில் ஆடுகிறது. சுமையா காலி ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். தட்டில் கிடக்கும் ஊசிகளெல்லாம் வியர்த்திருக்கின்றன. இதன்மேல் ஒரு துளி இல்லை. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். "ஆன்டி, இன்னும் அனுப்பாதீங்க. என் கைச்சூட்டுல தண்ணி சூடாயிருச்சு. இதயம் நல்லா ஓடுதுன்னு மெஷின் ஏமாந்துருச்சு." அடுத்த ஊசியின் வாலை மட்டும் நுனிவிரலால் பிடித்துத் தூக்குகிறாள். போனுக்கு மேல் மார்க்கிரட்டின் கட்டைவிரல், இறங்கவும் விலகவும் தெரியாமல், அப்படியே நிற்கிறது.