பாலம் இறங்கட்டும்

கொச்சித் துறைமுகப் பாலத்தின் நடுப்பகுதி மேலே ஏறி நின்றது. கீழே ஒரு மீன்பிடிப் படகு ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. மகளுக்குப் போட்டோவிலேயே பிடித்துப்போன மாப்பிள்ளையை நேரில் பார்க்க, உத்தமபாளையத்திலிருந்து வந்த சீனிச்சாமியின் வேன் பாலத்தின் முன்னால் மாட்டிக்கொண்டது.

"ராகுகாலம் வரப்போகுதே" என்று தவித்தாள் அவர் மனைவி பிச்சையம்மாள்.

சீனிச்சாமி மச்சினனைப் பிடித்துக்கொண்டார். "ஏலே முத்தையா, மாப்பிள்ளைக்குத் துறைமுகத்துல பெரிய வேலைன்னியே? போன் போட்டுப் பாலத்தை இறக்கச் சொல்லு."

முத்தையா செல்போனில் பேசிவிட்டு நெளிந்தான். "படகு தாண்டுனாத்தான் இறங்குமாம் மச்சான்."

"இந்தச் சின்னக் காரியம் ஆகல, இவருக்கா எம்மகளைக் கொடுக்கிறது? டிரைவர் தம்பி, வண்டியைத் திருப்புங்க."

"கோவப்படாதீக மச்சான். இளப்பமா நினைப்பீகன்னுதான் சொல்லல. இந்தப் பாலத்தை ஏத்தி இறக்குறதே மாப்பிள்ளைதான். நீங்க நிக்கிறதையும் சொன்னேன். முதல்ல வந்தது படகு, அது தாண்டாம யாருக்கும் இறக்க மாட்டேன்னுட்டாக."

சீனிச்சாமி படகைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வயல் கால்வாயின் கடைமடையில் இருந்தது. மேல்மடைக்காரர்கள் ஆளைப் பிடித்து முறை மாற்றித் தண்ணீரைத் திருப்பிக்கொள்ள, அவர் பயிர் கருகிய வருஷங்கள் உண்டு.

படகு தாண்டியது. பாலம் இறங்கியது.

"திருப்பவா, போகவா?" என்றார் டிரைவர்.

"ஓரங்கட்டுங்க தம்பி, ராகுகாலம் கழியட்டும். பிச்சையம்மா, வெத்தலை பாக்கு வாங்கு. இன்னைக்கே தட்டு மாத்திருவோம். மாமனாருக்குக்கூட முறை மாத்தாத மாப்பிள்ளை கடைமடைக்காரனுக்கு வேற எங்கன கிடைப்பாக?"