சக்கரவர்த்திக்குக் கிடைத்த தவணை

"கிறிஸ்தவங்களுக்கு வாழ்வு கொடுத்த ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டண்டைனே சாகக் கிடக்கும்போதுதான் ஞானஸ்நானம் வாங்கினாருன்னு நீங்கதானே சொன்னீங்க, சாமி? எனக்கும் கொஞ்சம் தவணை கொடுங்க. எங்கம்மா முருகன் படத்துக்கு முன்னால சாப்பிடாம கிடக்கிறாங்க" என்றான் தனசேகரன்.

ரங்கூன் போட்டாதாங் பேட்டை மாதா கோயிலின் பங்குச் சாமியார் வாய் திறப்பதற்குள், அவன் கட்டிக்கொள்ளவிருந்த பெண்ணின் தாத்தா மரியஜோசப் முந்திக்கொண்டார்.

"அவர் சக்கரவர்த்தி, தம்பி. நாங்க நாலு தலைமுறைக் கிறிஸ்தவங்க. ஞானஸ்நானம் வாங்காதவனுக்கு எங்க வீட்டுப் பொண்ணு கிடையாது."

"தாத்தா, அவங்கம்மாவையும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த பேத்தி பெர்சிஸைப் பார்வையாலேயே அடக்கினார்.

தனசேகரன் பெரியவர் பக்கம் திரும்பினான். "சரி, தாத்தா. ஞாயித்துக்கிழமையே வாங்கிக்கிறேன்."

அவனும் பெர்சிஸும் வெளியே போனார்கள். மரியஜோசப் எழவில்லை. எண்பத்திரண்டு வயதிலும் வளையாத முதுகு நாற்காலியில் சரிந்தது.

"அந்தச் சக்கரவர்த்தி திடீர்னு செத்திருந்தா அவர் கதி என்ன, சாமி?"

"ஏன் கேக்கிறீங்க?"

"நான் பிறந்தப்ப ரங்கூன்ல ஜப்பான் சண்டை. சாமியார் வந்து சேர முடியல. அப்புறம், பையன் பேர் எழுதின ஞானஸ்நானப் பதிவேடு குண்டுல எரிஞ்சுபோச்சுன்னு அப்பா சொன்னாரு. எல்லாரும் நம்பினாங்க. எரிஞ்சது நிஜம். அதுல என் பேர் இருந்ததில்ல."

சாமியார் திகைத்துப்போனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கதவைச் சாத்திட்டு இப்பவே முடிச்சிடலாம். யாருக்கும் தெரியாது" என்றார்.

"வேண்டாம், சாமி. அந்தப் பையனை ஊருக்கு முன்னால நிறுத்தப் போறீங்க. அவனுக்குப் பின்னால எனக்கும் இடம் விடுங்க."