மிதக்கும் வீடு

முதல் படியிலேயே மாடு நின்றுவிட்டது.

மாட்டை ஓட்டிவந்த காளியப்பன் கயிற்றை இழுத்தார், தட்டிக்கொடுத்தார், கெஞ்சியும் பார்த்தார். அது அசையவில்லை. ஏரியூர்ப் பக்கம் புதுவீட்டுக்குள் மாடுதான் முதலில் போக வேண்டும்.

அருள்குமாருக்கு உடம்பு கூசியது. வீட்டை வரைந்தவன் அவன்தான். கம்ப்யூட்டர் திரையில் வீடு தரையைத் தொடாமல் நின்ற அழகில் மயங்கி, அப்படியே கட்டிவிட்டான். இடுப்பு உயரத்துக்கு மேடை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிகள். படிக்கும் படிக்கும் நடுவே வெறும் காற்று. மாடு என்ன செய்யும்?

மாட்டை மறந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

சாரம் கட்டிய பலகைகளைத் தேடி எடுத்துவந்து சரிவாகப் போட்டார்கள். மாடு ஏறியது. கதவில் உரசாமல் தாராளமாக உள்ளே போனது.

பின்னாலேயே நுழைந்த உறவுக்காரர்களுக்கு ஒரே கேலி. கதவு எதற்கு இவ்வளவு அகலம், அடுப்பு மேடை ஏன் இத்தனை தாழ்வு, சுவிட்சை எல்லாம் யார் குனிந்து போடுவது?

அருள்குமார் சிரித்தான். எல்லாம் தங்கை சசிகலாவுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தது. இன்று புது அடுப்பில் பால் காய்ச்சப் போவதும் அவள்தான்.

வீட்டை அவள் நேரில் பார்த்ததில்லை. அவன் அனுப்பிய கம்ப்யூட்டர் வீடியோவில்தான் பார்த்திருந்தாள். அது வாசலில் தொடங்கி, எங்கும் இடறாமல், கூடம், அடுப்பங்கரை, அவள் அறை என்று வழுக்கிக்கொண்டே போகும். அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாளாம்.

மாடு வந்த வழியே இறங்கியது.

"பலகைய எடுத்துருங்க, போட்டோவுல அசிங்கமா தெரியுது" என்றான்.

எடுத்தார்கள். வீடு மறுபடியும் மிதந்தது.

மாடு பலகையில் இறங்கும்போதே தூரத்தில் தெரிந்த வேன் இப்போது வாசலில் வந்து நின்றது. சசிகலா பால் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். படிகளைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

அந்த வீடியோவுக்குக் கால் கிடையாது, அது படி ஏற வேண்டியிருக்கவில்லை என்பது அவனுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. மாட்டுக்காகத் தன்னைத் திட்டிக்கொண்டவன், ஓரமாகக் கிடந்த பலகைகளைத் திரும்பிப் பார்த்தான்.

"பரவால்ல உடுண்ணா. மாட்டுக்குப் போட்டீங்கல்ல, அந்தப் பலகைய எனக்கும் ஒருவாட்டி போடச் சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் கைகள் இரண்டும் சக்கர நாற்காலியின் சக்கரங்களை இறுக்கிப் பிடித்திருந்தன.