தொண்ணூற்றெட்டு

சொக்கலிங்கத்தின் விரலைக் கவ்வியிருந்த ஆக்சிமீட்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆக்சிஜன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஆளுக்கு ஒன்றுமில்லை" என்றது.

எஸ்தர் சிஸ்டரின் கைக்கடிகாரம் அப்போதுதான் எண்ணி முடித்திருந்தது. "நிமிஷத்துக்கு முப்பத்தாறு மூச்சு விடுகிறார். ஆழமாக இழுத்து இழுத்து விடுகிறார்."

"ஆஸ்பத்திரியைப் பார்த்த பயம். மூச்சை அடக்கச் சொன்னால் சரியாகிவிடும்" என்றது ஆக்சிமீட்டர்.

சிஸ்டர் குனிந்தார். சொக்கலிங்கத்தின் மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை அடித்தது.

"அண்ணே, இன்சுலின் போட்டு எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள், சிஸ்டர். மகளுக்குக் கல்யாணம். அந்த அலைச்சலில் விட்டுப்போச்சு. மூச்சை அடக்கிப் பார்க்கட்டுமா?"

"அடக்காதீங்க. இன்சுலின் இல்லாம ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும்னு நினைக்கிறேன். அதைக் குறைக்கத்தான் நுரையீரல் இந்தப் பாடுபடுது."

மணிக்கட்டில் எடுத்த ரத்தம் ஐஸில் உட்கார்ந்து லேபுக்கு ஓடியது. அமிலம் ஏறித்தான் இருந்தது. டாக்டர் வந்தார். சலைன் ஏறியது, இன்சுலின் இறங்கியது. லேபுக்கு இன்னும் மூன்று முறை ரத்தம் போனது.

மறுநாள் காலை மூச்சு பதினெட்டுக்கு வந்திருந்தது. சொக்கலிங்கம் எழுந்து உட்கார்ந்து, கல்யாணத்தில் பாயசம் போதாமல் போன கதையைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக்சிமீட்டர் எட்டிப் பார்த்தது. "நேற்றும் தொண்ணூற்றெட்டு, இன்றும் தொண்ணூற்றெட்டு. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் எதற்கு?"

கடிகாரம் அடுத்த கட்டிலில் எண்ணிக்கொண்டிருந்தது.