நத்தை ஓட்டில் ஒரு குடித்தனம்

ஒரு குளத்து நத்தையின் ஓட்டுக்குள் நூல்போல ஒரு புழு குடியிருந்தது. வாடகை கிடையாது. நத்தை நகர்ந்தால் தண்ணீரோடு சாப்பாடும் வாசலுக்கே வரும். ஆனாலும் புழுவின் புலம்பல் ஓயவில்லை.

"என் வீட்டுல முக்கால்வாசியை இந்த ஆளே அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நடந்தா ஒரே குலுக்கல்!" என்று போகிற வருகிற மீன்களிடமெல்லாம் சொன்னது.

ஒருநாள் கரையோரம் நாரை வந்து நின்றது. நத்தை பதறிப்போய் ஓட்டின் மூடியை இழுத்தது.

"தலையை உள்ள இழுப்பா, கதவைச் சாத்தணும்."

"என் வீட்டுக் கதவைச் சாத்த நீ யாரு?" என்ற புழு, வாசலிலேயே நீட்டிப் படுத்துக்கொண்டு நாரையைக் கூப்பிட்டது. "அம்மா, ஆளை எடுத்துக்கோங்க. வீட்டை மட்டும் விட்டுடுங்க."

புழு நசுங்கிவிடுமே என்று நத்தை ஒரு கணம் தயங்கியது. நாரைக்கு அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. சதையை உருவி விழுங்கிவிட்டு ஓட்டைப் போட்டுவிட்டுப் போனது.

புழு, தனக்கு இல்லாத கைகாலையெல்லாம் நீட்டிப் படுத்தது. ஆனால் வீடு நகரவில்லை. சாப்பாடு வரவில்லை, சேறுதான் வந்தது.

பசியில் சுருண்டு கிடந்தபோது வேறொரு நத்தை அந்தப் பக்கம் வந்தது. "இந்த வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டது.

"மகராசன், போய்ச் சேர்ந்துட்டார்," என்று புழு தழுதழுத்தது. "கடைசி நேரத்துல கூட இருந்தவன் நான் ஒருத்தன்தான்."

நத்தைக்கு மனசு இளகிவிட்டது. "அட பாவமே, உள்ள வாப்பா."

உள்ளே நுழைந்த புழு சுற்றும்முற்றும் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காரு."