கேட் ரூமில் ஒரு நரி

டக். வெகு நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு டக்.

பதினெட்டு வயதில் ஸ்ரீபெரும்புதூரில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டபோது, புதிதாக வந்து உட்கார்ந்தவர்களின் மெஷின் மட்டும் அப்படித்தான் திணறும். இருபது வருஷம் கழித்து, ஒரகடம் கம்பெனியின் கேட் ரூமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாண்டும்போதெல்லாம், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதே சத்தம் ஸௌம்யாவுக்குக் கேட்டது. இந்தக் காலத்திலும் ஒற்றை விரலில் ஒருத்தி தட்டிக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்துக்கொள்வாள்.

கம்ப்யூட்டர் பிரிவு ஸௌம்யாவின் பொறுப்பு. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இனி ஒரே பிரவுசர்தான், மற்றதை இந்த வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று தலைமை அலுவலகத்து உத்தரவு. நாற்பத்திரண்டில் நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. மிச்சம் கேட் ரூம். அங்கே கிளார்க் காந்திமதி ஒரு மாதமாக ஏதாவது சாக்குச் சொல்லி வழிமறித்துக்கொண்டிருந்தாள்.

"எனுக்கு நரிதான் வோணும் மேடம்."

"நரியா?"

"அதான், உருண்டையைக் கட்டிக்கினு படுத்துகினு கீதே, ஆரஞ்சு கலர்ல. அத்த அமுக்கினாதான் வேலை ஓடும்."

"அந்த நரி பிரவுசருக்குப் பதிலா இந்தக் கலர் வட்டம், அவ்வளவுதான். உங்க ஃபோன்லயே அதுதானே இருக்கு?"

"ஃபோன் வேற, இது வேற."

"சரி, நரியில என்னதான் வெச்சிருக்கீங்க, காட்டுங்க."

"அத்தெல்லாம் யாரும் பார்க்க வாணாம்."

ஸௌம்யாவுக்குச் சுருக்கென்றது. "ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் ப்ரமோஷன் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு காந்திமதி. புதுசா எதையும் கத்துக்க மாட்டேங்கறாங்கன்னு நான் ஒரு வரி எழுதினா போச்சு."

காந்திமதி வழியை விட்டு நகரவில்லை.

"எழுதிக்கோங்க மேடம்."

எழுதினாள். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியும் விட்டாள்.

காந்திமதி கேன்டீனுக்குச் சாப்பிடப் போனதும் ஸௌம்யா கேட் ரூமுக்குள் நுழைந்தாள். செக்யூரிட்டி தாண்டவராயன் எழுந்து சல்யூட் வைத்தார். ஐம்பத்தாறு வயது. காந்திமதி இல்லாத நேரத்தில் லாரி வரவைப் பதிவது அவர்தான்.

நரியைத் திறந்தாள். மேலே வரிசையாகக் குட்டிப் படங்கள். சக்கரம், பெயிண்ட் டப்பா, திருகாணி, அட்டைப்பெட்டி. எழுத்தே இல்லை. சக்கரத்தை அமுக்கினால் டயர் லாரிக்கான பக்கம் வந்தது. டப்பாவை அமுக்கினால் பெயிண்டுக்கான பக்கம்.

எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி படம் ஒட்டி வைத்திருக்கிறாள்! இதைக் காட்டத்தான் இவ்வளவு வெட்கமா? சிரித்துக்கொண்டே நரியை அழித்தாள். வட்டத்தை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து நின்றது. பின்னாலேயே இன்னும் இரண்டு.

"ம், பதிவு பண்ணுங்க."

தாண்டவராயன் உட்கார்ந்தார். மவுஸின்மேல் கை இருந்தது. அசையவில்லை.

ஹாரன் அலறியது. "யோவ் பெர்சு, தூங்கிட்டியா? கேட்டைத் தொற!"

"வட்டத்தை அமுக்குங்க. வரிசையா பேர் வரும். டயர்னு எழுதியிருக்கும் பாருங்க, அதை…"

"கண்ணாடி எடுத்தாரல மேடம்."

கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது.

ஹாரன் சத்தம் கேட்டு, சாம்பார்க் கையோடு ஓடி வந்தாள் காந்திமதி. டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். "அய்யய்யோ, என் நரியைத் தூக்கிட்டீங்களா! எனுக்கே ஒண்ணும் புரியாது, அண்ணன் இன்னா பண்ணும் பாவம்! எந்திரிண்ணா, நீ போயி வண்டியைப் பாரு."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே போனார்.

காந்திமதி கையைத் தலைப்பில் துடைத்தாள். வட்டத்தைத் திறந்தாள். பத்து விரலும் கீபோர்டில் விழுந்தன. தகரக் கூரையில் மழை இறங்குகிற மாதிரி ஒரே சடசடப்பு. இரண்டு நிமிஷத்தில் மூன்று லாரியும் உள்ளே போய்விட்டன.

ஸௌம்யா தாண்டவராயன் போன கதவைப் பார்த்தாள். "அப்போ, இத்தனை நாள் நான் கேட்ட அந்த ஒற்றை டக்?"

"அண்ணன்தான் மேடம். நம்பர் பிளேட்டைப் பார்த்து, அதே உருவம் எந்த பட்டன்ல கீதுன்னு தேடித் தேடி அடிக்கும்." காந்திமதி குரலைத் தாழ்த்தினாள். "எட்டாவது படிச்சேன்னு சொல்லி வேலைக்கு சேர்ந்துச்சு. பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல. ஆறு வருசமா ஒரு தப்பு வந்ததில்ல மேடம். படிக்கற வேலைக்கு மட்டும் நான் படம் வெச்சுக் குடுத்தேன்."

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்டி சொல்றது? அது என் ரகசியம் இல்லியே."

ஸௌம்யா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழித்த நரியை வரவழைத்து, படங்களையெல்லாம் வட்டத்துக்கு மாற்றிக் கொடுத்தாள். நாலு நிமிஷ வேலை.

"இவ்ளோதானா?" காந்திமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுக்கா ஒரு மாசமா உங்ககிட்ட மல்லுக்கு நின்னேன்!"

ஸௌம்யாவால் சிரிக்க முடியவில்லை. "ரிப்போர்ட் போயிடுச்சு காந்திமதி. தப்பா எழுதிட்டேன்னு இன்னொண்ணு அனுப்பறேன். ஆனா ஏன்னு கேப்பாங்க."

"கேட்டா, இவ மண்டையில ஏற லேட்டாவும்னு எழுதுங்க. பொய்யா இன்னா? நாலு நிமிச வேலைக்கு ஒரு மாசம் ஆச்சே."

என் கவனக்குறைவு என்றுதான் ஸௌம்யா எழுதினாள். சூப்பர்வைசர் பட்டியல் ஏற்கெனவே முடிவாகிவிட்டதாகப் பதில் வந்தது.

அந்த வருஷம் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக நாகப்பன் என்பவர் வந்தார். காந்திமதி கேட் கிளார்க்காகவே இருந்தாள். தாண்டவராயன் இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்த்து, தன்மேல் ஒரு புகாரும் இல்லாமல் ஓய்வு பெற்றார்.