பியூலாவின் வில்

அந்த இசையில் மெட்டென்று ஒன்றும் கிடையாது. நான்கு பேரும் ஆளுக்கொரு சுரத்தை நீளமாக இழுத்துக்கொண்டே இருந்து, பிறகு ஒவ்வொருவராக ஓய வேண்டும், அவ்வளவுதான். கேட்க வந்தவர்களுக்கு வாசிப்பவர்களின் நடுவிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிதான வியோலாவை வாசித்த பியூலாவின் முழங்கையை ஒட்டி ஒரு பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பாதி வாசிப்பில்தான் அவள் அதைக் கவனித்தாள். அவள் வில்லை இழுக்கும்போது பெரியவரின் மார்பு ஏறியது, தள்ளும்போது இறங்கியது. தற்செயலாக இருக்கும் என்று வில்லை மெதுவாக்கிப் பார்த்தாள். அவர் மூச்சும் மெதுவானது. வேகப்படுத்தினாள், அவருக்கு இரைத்தது. உள்ளங்கை வியர்த்து வில் ஒரு கணம் வழுக்கி நின்றபோது, அந்த மார்பும் நின்றது. பதறிப்போய் மறுபடி இழுத்தாள். இரண்டு வயலின்களும் ஓய்ந்தன. செல்லோவும் ஓய்ந்தது. செல்லோ வாசித்த ஜெயசிங் குனிந்து, "முடிஞ்சிருச்சும்மா, கம்பிலேருந்து வில்லை எடு" என்றார். அவள் முடியாதென்று தலையசைத்தாள். பெரியவரின் மனைவி அவள் பக்கம் சாய்ந்து, "இன்னும் கொஞ்சம் வாசிம்மா. ஒரு வாரமா மூச்சு விட முடியாமக் கெடந்தாரு. இப்பதான் நல்லா விடறாரு" என்றார். பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். வில் நுனிக்கு வந்துவிட்டது. பியூலா மணிக்கட்டைத் திருப்பி, மெல்லத் தள்ளினாள்.